உலகைச் சிரிக்க வைத்த வுட்ஹவுஸ்



பரிசளிப்பு விழா மலர் என்றால் பரிசு வாங்கிய பிள்ளைகளின் படம் இருக்கும், பெயர்ப் பட்டியல் இருக்கும். அவர்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். ஆனால் இந்தப் பக்கத்தை நான் எழுதுவது, மேடைக்குக் கீழே உட்கார்ந்து கை மட்டும் தட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்காக. அதோடு, பிள்ளை நல்லாப் படிச்சும் மேலே படிக்க வைக்கக் கையில் காசில்லையே என்று ராத்திரியில் தூக்கம் வராமல் புரளுகிற அப்பா அம்மாக்களுக்காகவும்தான்.

மேலே படிக்க வழியில்லாமல் போன ஒரு பையனின் கதையைச் சொல்லப் போகிறேன். அவன் வெள்ளைக்காரப் பையன். வெள்ளைக்காரன் கதை நமக்கு எதுக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். நம்ம லயத்துக் கதை மாதிரியே பல இடங்கள் அதில் வரும்.

தாய் தகப்பனைப் பிரிந்த பிள்ளை

அவர் பெயர் பெலம் கிரென்வில் வுட்ஹவுஸ். உலகம் அவரை பி.ஜி. வுட்ஹவுஸ் என்று அறியும். வீட்டில் கூப்பிட்ட பெயர் பிளம். 1881ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி இங்கிலாந்தில் கில்ட்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஹாங்காங்கில் மாஜிஸ்திரேட்டாக வேலை பார்த்தவர்.

மாஜிஸ்திரேட் மகன் என்றதும் செல்லமாக வளர்ந்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. குழந்தைக்கு இரண்டு வயது ஆனபோது தாயார் அவரையும் இரண்டு அண்ணன்மாரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, ஒரு தாதியிடம் ஒப்படைத்துவிட்டுத் தகப்பனாரிடம் திரும்பிப் போய்விட்டார். வெளிநாட்டில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரக் குடும்பங்களில் அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். மூன்று வயது முதல் பதினைந்து வயது வரை அந்தப் பிள்ளை தாய் தகப்பனோடு சேர்ந்து இருந்த நாள்களை எல்லாம் கூட்டினாலும் ஏறக்குறைய ஆறு மாதந்தான் வரும். பன்னிரண்டு வருஷத்தில் ஆறே மாதம்! விடுமுறை வந்தால் அத்தை வீடு, மாமா வீடு, பெரியம்மா வீடு என்று மாறி மாறி அனுப்பி வைப்பார்கள்.

பள்ளிக்கூடம் தூரம் என்று பிள்ளையைப் பட்டணத்துச் சித்தி வீட்டில் விட்டுப் படிக்க வைத்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளை சனிக்கிழமை சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்குமே, அந்த முகம் உங்களுக்குத் தெரியும். வுட்ஹவுஸும் அப்படி நின்ற பிள்ளைதான்.

1894இல் அவரை இலண்டனில் உள்ள டல்விச் கல்லூரியில் சேர்த்தார்கள். கல்லூரி என்று பெயரே தவிர, அது பள்ளிக்கூடந்தான். அங்கேதான் அந்தப் பிள்ளைக்கு ஒரு நிலையான இடம் கிடைத்தது. கிரிக்கெட், காற்பந்து, பள்ளி இதழ், இலத்தீன், கிரேக்கம் என்று ஆறு வருஷம் ஆனந்தமாக ஓடிற்று. சாகும் வரையிலும் அந்தப் பள்ளிக்கூடத்தை அவர் மறக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்கு வீடாகவும் ஆக முடியும் என்பதை நம்மைப் போன்ற ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூடிய கதவு

அவருடைய அண்ணன் ஆர்மின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். தம்பியும் அங்கே போகத்தான் இரவு பகலாகத் தயார் செய்தார். அந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. தகப்பனாருக்கு வந்துகொண்டிருந்த பென்ஷன் பணம் ரூபாய்க் கணக்கில் வருகிற பணம். ரூபாயின் மதிப்பு இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, இந்த மாதம் இவ்வளவு வரும் என்று நம்ப முடியாமல் போயிற்று. ரப்பர் விலை இறங்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு பிள்ளைகளை ஆக்ஸ்போர்டில் வைத்துப் படிக்க வைக்கத் தன்னால் முடியாது என்று தகப்பனார் சொல்லிவிட்டார். ஆக்ஸ்போர்டின் கதவு மூடிக்கொண்டது.

1900ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத அந்தப் பிள்ளை, ஹாங்காங் ஷாங்ஹாய் வங்கியின் இலண்டன் அலுவலகத்தில் கிராணி வேலைக்குப் போய்ச் சேர்ந்தது. இலண்டனில் இரண்டு வருஷம் போலப் பழக்கிவிட்டு, இளைஞர்களைக் கிழக்கு நாடுகளில் உள்ள கிளைகளுக்கு அனுப்புவது அந்த வங்கியின் வழக்கம். அந்த வங்கிக்குச் சிங்கப்பூரில் 1877 முதலும் பினாங்கில் 1884 முதலும் கிளைகள் இருந்தன. அங்கேயே நீடித்திருந்தால் ஒருவேளை நம்ம பினாங்குக்கே ஒரு துரையாக வந்து இறங்கியிருப்பார். உலகத்துக்கு ஒரு நகைச்சுவை எழுத்தாளர் கிடைக்காமலே போயிருப்பார்!

அவருக்கு வங்கிக் கணக்கு வரவில்லை. பேரேட்டைப் பார்த்தாலே தலை சுற்றியது. ஆனாலும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். பகலெல்லாம் வங்கியில் உழைத்தார். ராத்திரியில் வாடகை அறைக்கு வந்து கதை, கட்டுரை, துணுக்கு எல்லாம் எழுதினார். ஒருமுறை பொன்னுக்கு வீங்கி வந்து மூன்று வாரம் பெற்றோர் வீட்டில் படுத்துக் கிடந்தார். அந்த மூன்று வாரத்தில் பத்தொன்பது சிறுகதை எழுதினாராம். பத்தொன்பதும் திரும்பி வந்துவிட்டன! அப்புறம் இருபதாவதை எழுத உட்கார்ந்தார். அதுதான் அவர்.

அவரிடம் ஒரு சிறிய கணக்குப் புத்தகம் இருந்தது. எழுத்தினால் கிடைத்த காசை எல்லாம், சில்லறை உள்பட, அதில் தேதி போட்டு எழுதி வைத்தார். வங்கிக் கணக்கு வராதவருக்கு அந்தக் கணக்கு மட்டும் தப்பாமல் வந்தது. எழுதிப் பிழைக்க முடியும் என்று அந்தப் புத்தகம் காட்டிய பிறகுதான், 1902 செப்டம்பரில் வங்கி வேலையை விட்டார். 'குளோப்' என்ற மாலைப் பத்திரிகையில் நகைச்சுவைப் பகுதி எழுதும் வேலை கிடைத்தது. அதே ஆண்டில் அவருடைய முதல் புத்தகமும் வெளிவந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிய கதை அது. வங்கியில் பட்ட பாடும் வீண் போகவில்லை. 1910இல் அதையே ஒரு சிரிப்புக் கதையாக்கி இன்னொரு புத்தகம் வெளியிட்டுவிட்டார்!

எஜமானும் வேலைக்காரரும்

பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கும் போய்வந்தார். 1914 செப்டம்பர் 30ஆம் தேதி நியூயார்க்கில் எத்தல் என்ற விதவைப் பெண்மணியை மணந்துகொண்டார். அந்த அம்மாளுக்கு லியோனோரா என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. வுட்ஹவுஸுக்குச் சொந்தப் பிள்ளை பிறக்கவில்லை. லியோனோராவையே தம் மகளாகத் தத்து எடுத்து உயிருக்கு உயிராக வளர்த்தார். தாய் தகப்பன் பாசம் கிடைக்காமல் வளர்ந்தவர், அதை இன்னொரு குழந்தைக்கு வாரிக் கொடுத்தார்.

1915இல் அவருடைய நாவல் ஒன்று அமெரிக்காவின் பெரிய வார இதழில் தொடர்கதையாக வந்தது. அதே ஆண்டில்தான் ஜீவ்ஸ் என்ற பாத்திரமும் பிறந்தது. ஜீவ்ஸ் யார் தெரியுமா? பெர்ட்டி ஊஸ்டர் என்ற பணக்கார வாலிபருக்குப் பணிவிடை செய்கிற வேலைக்காரர். பெர்ட்டி நல்ல மனசுக்காரர், ஆனால் மூளை கொஞ்சம் மட்டு. எந்த வம்பிலாவது போய் மாட்டிக்கொள்வார். ஜீவ்ஸ் சத்தமே போடாமல் வந்து, ஒரு யோசனை சொல்லி, எஜமானைக் காப்பாற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலத் தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எஜமான் ஒருவர், மூளை இன்னொருவரிடம்! தோட்டத்தில் காலமெல்லாம் வேலை செய்தவர்களுக்கு இந்த விஷயம் ஒன்றும் புதிசில்லை. நீங்கள் உள்ளூரச் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

பெர்ட்டி யாருக்குப் பயப்படுவார் தெரியுமா? தம் அத்தைமாருக்கு! சின்ன வயதில் வீடு வீடாகப் போய்க் கைகட்டி நின்ற பிள்ளை, பெரியவனானதும் அந்த வருத்தத்தை அழுது தீர்க்கவில்லை. உலகமே வயிறு வலிக்கச் சிரிக்கும்படி எழுதித் தீர்த்துக்கொண்டது. நம் தமிழில் 'துப்பறியும் சாம்பு' எழுதிய தேவனை வுட்ஹவுஸோடு ஒப்பிட்டுப் பேசுபவர்கள் உண்டு. சாம்புவைப் படித்துச் சிரித்தவர்களுக்கு நான் சொல்லும் சுவை எது என்று புரியும்.

இந்தச் சிரிப்பெல்லாம் சும்மா வந்ததில்லை. ஒரு நாவலை எழுதத் தொடங்கும் முன் நூற்றுக்கணக்கான பக்கம் குறிப்பு எழுதுவார். எழுதியதை அடிப்பார், திருத்துவார், மறுபடி எழுதுவார். படிக்கிறவனுக்கு விளையாட்டாகத் தெரிகிற ஒரு வரிக்குப் பின்னால் வியர்வை இருந்தது. நாவல்களோடு நிற்காமல் இசை நாடகங்களுக்கும் எழுதினார். கை போல்டன் என்ற நண்பர் கதை வசனம், ஜெரோம் கெர்ன் இசை, வுட்ஹவுஸ் பாட்டு என்று மூவரும் சேர்ந்து 1917, 1918ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நாடக மேடைகளில் பெயர் வாங்கினார்கள்.

ஹாலிவுட் சம்பளம்

பேசும் படம் வந்த புதிது. வசனம் எழுத ஆள் வேண்டும் என்று ஹாலிவுட் படக் கம்பெனிகள் எழுத்தாளர்களைத் தேடி அலைந்தன. 1930இல் எம்.ஜி.எம். கம்பெனி வுட்ஹவுஸை வாரம் 2,000 டாலர் சம்பளத்தில் அழைத்துக்கொண்டது. அந்தக் காலத்து 2,000 டாலர்! ஆனால் வேலைதான் ஒன்றும் பெரிதாகக் கொடுக்கவில்லை. மற்றவர் எழுதிய வசனத்தில் ஒன்றிரண்டு வரி சேர்ப்பார். அதையும் பிறகு வேறொருவர் மாற்றுவார். ஒரு வருஷத்தில் 1,04,000 டாலர் கிடைத்தது.

சம்பளத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். 1931இல் பேட்டி காண வந்த ஒரு பத்திரிகையாளரிடம், இவ்வளவு பணம் வாங்கினேன், அதற்கு ஏற்ற வேலை எதையும் நான் செய்யவில்லை, எனக்கே வெட்கமாக இருக்கிறது என்கிற அர்த்தத்தில் வெள்ளை மனதாகச் சொல்லிவிட்டார். பத்திரிகையில் அது வந்ததும் படக் கம்பெனிகளின் ஊதாரித்தனம் ஊர் சிரித்தது. அவருக்குப் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. 1936இல் அதே கம்பெனி மறுபடியும் கூப்பிட்டது. 1937இல் 'எ டாம்சல் இன் டிஸ்ட்ரெஸ்' என்ற அவருடைய நாவல் வேறொரு கம்பெனியில் படமாகி, பிரெட் அஸ்டேர் நடித்து வெளிவந்தது. அதன் திரைக்கதையிலும் வுட்ஹவுஸுக்குப் பங்கு உண்டு.

இந்தப் பேட்டியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனதில் பட்டதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவது அவர் சுபாவம். யார் கேட்கிறார்கள், எங்கே நின்று பேசுகிறோம் என்று யோசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

1939ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு நல்ல நாள் வந்தது. எந்த ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குள் பணமில்லாமல் நுழைய முடியவில்லையோ, அதே பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. முப்பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு மூடிய கதவு தானே திறந்தது! கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் வாழ்க்கை பள்ளிக்கூடப் பாடம் மாதிரி அழகாக முடிவதில்லையே.

மைக்கின் முன்னால்

அப்போது அவரும் மனைவியும் பிரான்ஸ் நாட்டுக் கடற்கரை ஊரான ல தூக்கேயில் குடியிருந்தார்கள். 1940 மே மாதம் ஜெர்மன் படை அந்த ஊரைப் பிடித்துக்கொண்டது. ஜூலையில் வுட்ஹவுஸைக் கைதியாகக் கொண்டு போனார்கள். பிரான்ஸ், பெல்ஜியம் என்று சிறை மாற்றிச் சிறை மாற்றிக் கடைசியில் டோஸ்ட் என்ற இடத்தில் அடைத்தார்கள். அது முன்பு மனநோயாளிகளுக்கான மருத்துவமனையாக இருந்த கட்டடம். இப்போது அந்த இடம் போலந்தில் இருக்கிறது. வயது ஐம்பத்தெட்டு தாண்டியவர். பசி, குளிர், கூட்டம். சுற்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டும் விளையாடிக்கொண்டும் இருக்க, அந்தச் சத்தத்தின் நடுவிலேயே உட்கார்ந்து ஒரு முழு நாவலை எழுதி முடித்தார்.

1941 ஜூன் மாதம் அவரை முகாமிலிருந்து விடுவித்தார்கள். பெர்லினில் இருந்து அமெரிக்காவுக்கு வானொலியில் பேசுகிறீர்களா என்று கேட்டார்கள். அமெரிக்கா அப்போது இன்னும் யுத்தத்தில் இறங்கவில்லை. அங்கே உள்ள வாசகர்கள் நலம் விசாரித்து எழுதியிருந்தார்கள். பதில் சொன்ன மாதிரி இருக்கும் என்று நினைத்து ஒப்புக்கொண்டார். ஐந்து பேச்சு. சிறை அனுபவத்தை வழக்கம்போல வேடிக்கையாகச் சொன்னார். ஹிட்லரைப் புகழ்ந்து பேசவில்லை. ஆனால் மைக் யாருடைய மைக்? எதிரியின் மைக்!

இலண்டன் நகரில் அப்போதுதான் மாதக்கணக்கில் குண்டு விழுந்து வீடும் உயிரும் போயிருந்தது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த ஒரு தாய், எதிரி நாட்டு வானொலியில் இந்த மனுஷர் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டால் அவள் மனம் என்ன பாடுபடும்? அடுத்த வருஷமே இங்கும் ஜப்பான்காரன் ஆட்சி வந்தது. நம் தோட்டத்து ஆட்களைச் சயாம் மரண ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தை அனுபவித்த பெரியவர்களிடம் கதை கேட்டவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

இங்கிலாந்து கொதித்தது. துரோகி என்றார்கள். பி.பி.சி. வானொலியிலேயே ஒருவர் அவரைத் திட்டிப் பேசினார். சில ஊர்களில் நூலகங்கள் அவருடைய புத்தகங்களை எடுத்துவிட்டன. தாம் செய்தது முட்டாள்தனம் என்று பிறகு அவரே உணர்ந்து ஒப்புக்கொண்டார். ஆனால் வாயிலிருந்து போன வார்த்தை திரும்பி வருமா?

1944இல் பாரிஸ் நகரம் விடுபட்டதும் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் வந்து விசாரித்தார். யோசனை இல்லாமல் செய்துவிட்டார், வழக்குப் போடுகிற அளவுக்குத் துரோகம் ஏதும் இல்லை என்பதுதான் அவர் கண்ட முடிவு. அந்த அறிக்கை ஊருக்கு வெளிச்சமானது எப்போது தெரியுமா? 1980இல்! அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து. இதற்கிடையில் 1945இல் ஜார்ஜ் ஆர்வெல் என்ற எழுத்தாளர், வுட்ஹவுஸ் அசடுதான், துரோகி அல்ல என்ற கருத்தில் அவருக்காக வாதாடி எழுதினார். ஊரே ஏசுகிறபோது ஒருவர் எழுந்து நின்று பேசுவது சின்ன விஷயமா?

அதே 1944இல்தான் இன்னொரு பேரிடி. மகள் லியோனோரா மே மாதம் இங்கிலாந்தில் ஒரு சிறு அறுவைச் சிகிச்சையின்போது திடீரென்று இறந்துபோனாள். யுத்த காலம், பாரிஸில் இருந்த தகப்பனுக்குச் சேதி போய்ச் சேரவே மாதங்கள் ஆயின. மகள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கடைசி வரை எழுதியவர்

1947இல் அமெரிக்காவுக்குப் போனார். அப்புறம் இங்கிலாந்து மண்ணை அவர் மிதிக்கவே இல்லை. 1955இல் அமெரிக்கக் குடிமகனானார். நியூயார்க் அருகே ரெம்சன்பர்க் என்ற அமைதியான ஊரில் மனைவியோடும் நாய்களோடும் வாழ்ந்துகொண்டு, எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். யாரையும் கரித்துக்கொட்டி எழுதவில்லை. மொத்தம் தொண்ணூறுக்கும் மேற்பட்ட புத்தகங்கள்!

1975 புத்தாண்டில் பிரிட்டிஷ் அரசு அவருக்குச் சர் பட்டம் அறிவித்தது. வயது தொண்ணூற்று மூன்று. தாய்நாடு மன்னித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஆறே வாரம்தான், 1975 பிப்ரவரி 14ஆம் தேதி மருத்துவமனையில் காலமானார். எழுதிக்கொண்டிருந்த நாவல் பாதியில் நின்றது. 2019இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அவருக்கும் ஒரு நினைவுக் கல் பதித்தார்கள்.

பெற்றோர்களே! கதை முடிந்தது. இனி என் மனசில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன்.

நானே ஒரு தப்புச் செய்தவன். வேலைக்கு வந்த புதிதில், வகுப்பில் ஒரு பையனுடைய கிழிந்த சப்பாத்தைப் பார்த்து ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசினேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்த மாதிரிதான் இருந்தது. மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். அவன் அம்மா கோபமே படாமல், உட்காருங்க சார் என்று கோப்பி கலந்து கொடுத்தார். அந்தக் கோப்பி தொண்டையில் இறங்கவில்லை. வுட்ஹவுஸின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பையன்தான். மைக் முன்னால் நிற்கிறவர், மேடையில் நிற்கிறவர், வகுப்பில் சாக்குக் கட்டி பிடித்து நிற்கிறவர், வீட்டில் தகப்பன் என்று நிற்கிறவர் எல்லாரும் வாயைத் திறக்கும் முன், இதைக் கேட்டு யாருக்கு வலிக்கும் என்று ஒரு நொடி நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு நான் சொல்வது வேறு. மேலே படிக்க வழி இருந்தால் விடாதீர்கள், எப்பாடுபட்டாவது படியுங்கள். வழி இல்லாமல் போனால், அதோடு எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பகலில் கிடைத்த வேலையைச் செய்யுங்கள். ராத்திரியில் உங்களுக்குக் கைவந்த வேலையைச் செய்யுங்கள். பத்தொன்பது தடவை திரும்பி வந்தாலும் இருபதாவது தடவைக்கு உட்காருங்கள். ஐந்து காசு கொடுத்து ஒரு நோட்டு வாங்க முடிந்த காலம் போய்விட்டது. ஆனாலும் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கு என்ன செய்தேன் என்று தேதி போட்டு அதில் எழுதுங்கள். அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு வரும்போது அதை எனக்குக் காட்டுங்கள். மேடையில் கொடுக்க என்னிடம் கோப்பை இருக்காது. ஆனால் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பேன். இது உறுதி.

வாழ்க! வளர்க!